மாப்பிள்ளை, வெளியே வாங்க

ரிமோட் கிடைக்கவில்லை. மாப்பிள்ளை சோபா இடுக்கில் கைவிட்டுப் பார்த்தார், மேசை இழுப்பறையைக் கவிழ்த்தார், கடைசியில் மாமனாரைக் கிடத்தியிருந்த கட்டிலுக்கு அடியிலும் தவழ்ந்துவிட்டார். துக்கம் கேட்க வந்தவர்கள், மாப்பிள்ளை தரையில் விழுந்து அழுகிறார் என்று நினைத்து, இரண்டு பேராகக் கைகொடுத்துத் தூக்கிவிட்டார்கள்.

"தைரியமா இருங்க தம்பி. நீங்களே இப்படின்னா வீட்ல மத்தவங்களை யாரு பார்த்துக்கறது?"

தலையாட்டி வைத்தார். ரிமோட் தேடினேன் என்று சொல்கிற இடமா அது?

சுவரை அடைத்துக்கொண்டிருந்த டிவி, வருகிறவர்களுக்கெல்லாம் ஒரே வாசகத்தைக் காட்டிக்கொண்டிருந்தது: ‘இந்தக் கணக்கு வேறொரு கருவியில் பயன்பாட்டில் உள்ளது.’ அந்த வேறொரு கருவி அவருடைய சட்டைப் பையில் இருந்தது.

விளையாட்டு ஆப்பின் சந்தா மாப்பிள்ளையுடையது. ஒரு நேரத்தில் ஒரு திரைதான். லிஃப்ட் மெக்கானிக்காக இருந்து ஓய்வுபெற்ற மாமனாருக்கு, எங்கோ பனி கொட்டும் நாட்டின் இரண்டாம்தரக் கால்பந்து லீக் மேல் பைத்தியம். அதிலும் கடைசி இடத்தை யாருக்கும் விட்டுக்கொடுக்காத அணிதான் அவருடைய அணி. "ஜெயிக்கிறவனுக்குக் கைதட்ட ஊரே இருக்கு. இவனுங்களுக்கு நான்தானே இருக்கேன்" என்பார். அந்த அணியின் கோல்கீப்பருக்கும் மாமனாரைப் போலவே பளபளவென்று வழுக்கை. உண்மைக் காரணம் அதுதான் என்பது மாமியாரின் கட்சி.

மாப்பிள்ளைக்குக் கார் பந்தயம். மூக்குக்கண்ணாடிக் கடையில் லென்ஸ் தேய்க்கிறவர், சாப்பாட்டு இடைவேளையில் ஃபோனைத் திறப்பார். ‘மற்ற கருவியில் நிறுத்திவிட்டு இங்கே தொடரவா?’ என்று கேட்கும். மாமனாராயிற்றே என்று ஒரு நொடி யோசிப்பார். பிறகு ‘ஆம்’ என்று அழுத்துவார். அரை நிமிடத்தில் அழைப்பு வரும்.

"மாப்பிள்ளை, வெளியே வாங்க."

நலமா, சாப்பிட்டாச்சா, ஒன்றும் கிடையாது. இவரும் மறுபேச்சில்லாமல் வெளியே வந்துவிடுவார். இரண்டு வருடத்தில் இருவரும் அதிகம் பேசிக்கொண்டது இந்த மூன்று வார்த்தைதான்.

இன்று ஒன்று ஐம்பதுக்கு அழுத்தினார். அழைப்பு வரவில்லை. பெரியவர் தூங்கிவிட்டார், அப்பாடா என்று கடைசிச் சுற்று வரை நிம்மதியாகப் பார்த்தார். மூன்று மணிக்கு மனைவி அழுதுகொண்டே கூப்பிட்டாள்.

தையல்காரரிடம் போய்வந்த மாமியார்தான் முதலில் பார்த்தது. நாற்காலியில் சாய்ந்து, டிவியைப் பார்த்தபடியே. வலி தெரிந்திருக்காது என்றார் டாக்டர். சரி, வலி தெரிந்திருக்காது. கடைசியாகத் தெரிந்தது இந்த வாசகமாயிற்றே! மனுஷன் ஃபோனை எடுக்கப் போய், அதற்குள்... அதற்கு மேல் நினைக்க அவருக்குத் துணிச்சல் வரவில்லை.

பிளக் பீரோவுக்குப் பின்னால் இருந்தது. பீரோவை நகர்த்தினால் மாமனாரையும் நகர்த்த வேண்டும். ஃபோனில் வெளியே வந்தாலோ, சாவு வீட்டில் மேட்ச் ஓடத் தொடங்கிவிடும். போர்வை ஒன்றைக் கொண்டுவந்து டிவியின் மேல் போட்டார்.

"இப்ப இதுவா முக்கியம்?" என்றாள் மனைவி.

"ஒன்னு அம்பதுக்கு நான்தான் கட் பண்ணேன்."

அவள் அவரையே பார்த்தாள். நழுவிக்கொண்டிருந்த போர்வையின் மறுமுனையை இழுத்துச் செருகினாள்.

அப்போதுதான் கீழே சலூன் வைத்திருப்பவர் படியேறி வந்தார். கட்டிலருகே கைகட்டி நின்றுவிட்டு, தயங்கித் தயங்கி மாமியாரிடம் போனார். பையிலிருந்து ரிமோட்டை எடுத்தார்.

"நம்ம கடையில வெச்சுட்டுப் போயிட்டார்மா."

"உங்க கடையிலயா? அவருக்கு அங்க என்ன வேலை? வெட்டறதுக்கு என்ன இருக்கு?"

அழுதுகொண்டிருந்தவர்களில் இரண்டு பேர் இருமிச் சமாளித்தார்கள்.

"மேட்ச் பார்க்க வந்தார்மா. கையில ரிமோட்டோட, செருப்பு கூடப் போடாம. ‘என் மாப்பிள்ளை இருக்காரே, எண்பத்து மூணாவது நிமிஷத்துல உள்ள பூந்துட்டார், உன் டிவில போடு’ன்னார். நமக்கும் அந்த ஆப் இருக்கு. போட்டேன்."

மாப்பிள்ளை கிட்டே போனார். "எனக்கு ஏன் ஃபோன் பண்ணல?"

"எடுத்தார் தம்பி. அப்புறம், ‘வேணாம், தினமும் திட்டினா மரியாதை இருக்காது. சாயங்காலம் வரட்டும், வெச்சுக்கறேன்’னு பையில போட்டுக்கிட்டார்."

"அப்புறம்?"

"கடைசி நிமிஷம். ஒரு கோல் பின்னாடி இருக்காங்க. கார்னர் கிடைச்சது. அந்த வழுக்கை கீப்பர் தன் கோலைத் தனியா விட்டுட்டு ஓடிவந்து, தலையால முட்டினான் பாருங்க, உள்ள போயிடுச்சு! நாற்காலியில பாதி சவரத்தோட உக்காந்திருந்தவர் எழுந்து நின்னுட்டார். உங்க மாமா என் தலையைப் பிடிச்சு முத்தம் கொடுத்தார்."

"ஜெயிச்சுட்டாங்களா?"

"எங்க ஜெயிக்கிறது? சமம்தான். ஆனா பதினாலு மேட்சுக்கு அப்புறம் தோக்கலையாமே. ‘முடி இருந்திருந்தா பந்து வழுக்கி உள்ள போயிருக்காது’ன்னு சொல்லிச் சிரிச்சுக்கிட்டே படியேறிப் போனார்."

மாமியார் புடவைத் தலைப்பால் வாயை மூடிக்கொண்டார். அழுகையா சிரிப்பா என்று சொல்ல முடியவில்லை. மதியத்திலிருந்து உள்ளே பிடித்துவைத்திருந்த மூச்சை மாப்பிள்ளை வெளியே விட்டார். அது இவ்வளவு சத்தமாக வரும் என்று அவரே எதிர்பார்க்கவில்லை. மனைவி அவருடைய முழங்கையைப் பிடித்துக்கொண்டாள்.

"அதைப் போடுங்க மாப்பிள்ளை" என்றார் மாமியார்.

"இப்பவா அத்தை?"

"சத்தமில்லாம போடுங்க. அவர் பார்த்துட்டார். நான்தான் பார்க்கல."

மாப்பிள்ளை சட்டைப் பையிலிருந்து ஃபோனை எடுத்து, யாரும் கூப்பிட்டுச் சொல்லாமலே, வெளியே வந்தார். போர்வையை உருவினார். விட்ட இடத்திலிருந்து, எண்பத்து மூன்றாவது நிமிடத்திலிருந்து, பனிக்குள் ஆட்கள் ஓடத் தொடங்கினார்கள்.

சலூன்காரர் கட்டிலுக்கும் டிவிக்கும் நடுவே நின்றிருந்தார். பந்து மூலைக்குப் போனதும், ஏதோ நினைவு வந்தவர்போல, தலையைக் குனிந்துகொண்டு ஓரமாகத் தள்ளி நின்றார்.