கீறல் விழாத மைவி

தன் காரில் வாழ்நாளில் ஒரு கீறல்கூட விழுந்ததில்லை என்று தியாகராஜா சொல்லாத கல்யாண வீடு டத்தோ கிராமாட்டில் கிடையாது. சாவு வீட்டிலும் சொல்லியிருக்கிறார். ஒருமுறை, உள்ளே தேவாரம் பாடிக்கொண்டிருக்க, வெளியே பிளாஸ்டிக் நாற்காலியில் சாய்ந்துகொண்டு, "கண்ணாடியைப் பாத்து ஓட்டினால் ஏன் இடிக்குது?" என்று துக்கம் விசாரிக்க வந்தவர்களிடம் விசாரித்தார். இறந்துபோனவர் லாரி ஓட்டியவர்.

நில அலுவலகத்தில் தலைமைக் குமாஸ்தாவாக இருந்தவர் அவர். ஓய்வு பெற்றதும் வெள்ளி நிறத்தில் ஒரு மைவி கார் வாங்கினார். கூடவே, வீட்டில் மீனையும் இறைச்சியையும் நிறுத்தினார். கார் தனக்கு, சைவம் எல்லோருக்கும். மனைவி தவமணி இரண்டுக்கும் ஒன்றும் சொல்லவில்லை. அவளும் ஒரு காலத்தில் கார் ஓட்டியவள்தான். "நீ ரிவர்ஸ் எடுத்தால் ரோட்டில நாய்கூட நிக்காது" என்று அவர் நாலு பேர் முன்னால் சொன்ன நாளிலிருந்து அவள் சாவியைத் தொட்டதை யாரும் பார்த்ததில்லை.

மருமகள் ரமணி ஜெலுத்தோங் அடுக்குமாடியில் வளர்ந்தவள். கடற்பாலத்துக்கு அந்தப் பக்கம், ஜுருவில் ஒரு தொழிற்சாலையில் சூப்பர்வைசர். அச்சிலிருந்து வரும் பிளாஸ்டிக் மூடிகளைக் கையில் எடுத்து, விளக்கில் காட்டி, கீறல் இருக்கிறதா என்று பார்ப்பது அவளுடைய பிரிவின் வேலை. இதை மாமனாரிடம் சொன்னபோது அவர், "அது நல்ல பழக்கம். கீறல் விழாமல் பாக்கிறது அதைவிட நல்லது" என்றார்.

ஒரு சனிக்கிழமை ஈப்போவில் கல்யாணம். சொந்தக்காரர்களின் வேனில் தியாகராஜா கிளம்பினார். முழங்கால் வலி என்று தவமணி வீட்டிலேயே இருந்துகொண்டாள். போகும்போது மைவியின் சாவியை மகன் ஹரிசங்கரிடம் கொடுத்தார்.

"காலமை எஞ்சினை மட்டும் போட்டு நிப்பாட்டு. கேட்டைத் தாண்டப்படாது."

அன்று ரமணியின் அம்மாவுக்குப் பிறந்தநாள். ஹரியின் காரில் பேட்டரி செத்துக் கிடந்தது. கேக் வாங்கியாகிவிட்டது.

"மைவியிலயே போயிடலாம் லா" என்றான் ஹரி. "அப்பாக்கு எப்படித் தெரியப் போவுது?"

கையில் கேக்குடன் அவன் முன்சீட்டில் உட்கார்ந்தான். ரமணி ஓட்டினாள். பத்திரமாகத்தான் போய்ச் சேர்ந்தார்கள். ஜெலுத்தோங்கில் காரை நிறுத்தும்போது ஹரி இறங்கி, பின்னால் நின்று கை காட்டினான். ஒரு கையில் கேக், மறு கையில் போன்.

"வா, வா. இன்னும் இருக்கு. வா."

இல்லை. பின்னால் இருந்தது பச்சை நிறத்தில் ஒரு பெரிய இரும்புக் குப்பைத் தொட்டி. இடித்த சத்தத்தைக்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். அதற்குப் பிறகு வந்த உரசல் சத்தத்தைத்தான் ரமணியால் தாங்க முடியவில்லை. இறங்கிப் பார்த்தாள். பின் பம்பரின் ஓரத்தில் ஒரு சாண் நீளத்துக்கு வெள்ளி நிறம் போய், பச்சை ஒட்டியிருந்தது.

"சின்னதுதான்" என்றான் ஹரி. பிறகு கேக்கைத் திறந்து பார்த்தான். கேக்குக்கு ஒன்றும் ஆகவில்லை.

வீட்டுக்கு வந்ததும் அவன் போனில் ஒரு வீடியோ கண்டுபிடித்தான். பற்பசை போட்டுத் துணியால் தேய்த்தால் கீறல் போய்விடுமாம். ரமணி அரை ட்யூப் பற்பசையைப் பிதுக்கித் தேய்த்தாள். பச்சை போனது; கீறல் போகவில்லை. பம்பர் மட்டும் இப்போதுதான் பல் விளக்கிய மாதிரி மணத்தது. அடுத்த வீடியோவில் ஒருவன் உப்புத்தாளை நனைத்துத் தேய்த்தான். வீட்டில் உப்புத்தாள் இருந்தது. கேட்டின் துருவைச் சுரண்ட வாங்கியது. காருக்கு மெல்லிசாக வேறு ரகம் வேண்டும் என்பதை அந்த வீடியோ சொல்லத்தான் செய்தது, ஆனால் ஹரி அதற்குள் நிறுத்திவிட்டிருந்தான்.

கொஞ்ச நேரத்தில், ஒரு சாண் நீளக் கோடாக இருந்தது சாப்பாட்டுத் தட்டின் அளவுக்கு மங்கலான வட்டமாகிவிட்டது. ரமணிக்கு வியர்த்துக் கொட்டியது. ஹரி, "நான் குளிச்சிட்டு வர்றேன்" என்று உள்ளே போனான். எந்தச் சிக்கல் வந்தாலும் குளிக்கப் போகிறவன் அவன்.

அப்போதுதான் அவள் அதைப் பார்த்தாள். வெள்ளி நிறத்துக்கு அடியில் சாம்பல் நிறம். அதற்கு அடியில் வெளிறிய மஞ்சளில், பள்ளத்தை அடைக்கப் பூசுகிற பட்டி. அந்தப் பட்டிக்கும் அடியில் திரும்பவும் வெள்ளி நிறம், அதில் ஒரு பழைய பள்ளம். விளக்கைக் கொண்டுவந்து காட்டிப் பார்த்தாள். வேலையிடத்தில் ஆயிரம் முறை செய்ததுதான். சந்தேகமே இல்லை. இந்த பம்பர் இதற்கு முன்பே இடிபட்டு, பட்டி வைத்து, பெயிண்ட் அடிக்கப்பட்டிருக்கிறது.

ஈரத்தலையுடன் வந்த ஹரியிடம் காட்டினாள்.

"ஒங்கப்பா இடிச்சிருக்காரு."

கோயில் மூலவர் பிளாஸ்டிக் என்று கேள்விப்பட்டவன் போல அவன் முகம் போனது. "அப்பாவா? இருக்காது லா."

"அப்ப இந்தப் பட்டி என்ன, தானா முளைச்சதா?"

ரமணிக்குக் கவலை பாதி குறைந்து, சந்தோஷம் வந்துவிட்டது. கல்யாணமாகி வந்ததிலிருந்து கண்ணாடியைப் பார்ப்பது பற்றி அவள் கேட்ட பிரசங்கங்கள் கொஞ்சமா? மாமனார் திரும்பி வந்து வாயைத் திறக்கட்டும், பட்டியைப் பற்றி ஒரு வார்த்தை போடலாம் என்று மனதுக்குள் ஒத்திகையே பார்த்துவிட்டாள்.

சத்தம் கேட்டுத் தவமணி வெளியே வந்தாள். பம்பரைப் பார்த்தாள். பதறவில்லை.

"இனித் தேய்க்காதை பிள்ளை. அடியில கறுப்பு பிளாஸ்டிக் வந்திடும்" என்று மட்டும் சொல்லிவிட்டு உள்ளே போனாள். மாமிக்கு இது எப்படித் தெரியும் என்று ரமணிக்கு அப்போது தோன்றவில்லை.

ஜெலுத்தோங் மார்க்கெட்டுக்குப் பின்னால் ஹைருல் என்பவருடைய பெயிண்ட் பட்டறை இருந்தது. சின்ன வயதிலிருந்து ரமணி அந்த வழியாகப் போய் வந்தவள். மைவியை அங்கே கொண்டுபோய் நிறுத்தியதும், ஹைருல் குனிந்து பம்பரைத் தடவிப் பார்த்து, மலாய் மொழியில் சொன்னார்:

"இது என் வேலையாச்சே. யார் இப்படிச் சுரண்டினது?"

ரமணி ஹரியை ஒரு பார்வை பார்த்தாள். பிறகு மெதுவாக, "வயசானவர் ஒருத்தர் கொண்டுவந்திருப்பாரே, கண்ணாடி போட்டவர்?" என்று கேட்டாள்.

"வயசானவரா? இல்லையே. ஒரு மக்சிக், வயசான அம்மாதான் வருவாங்க. பெரிய பொட்டு, நரைச்ச கொண்டை. போன தடவை தூண், அதுக்கு முந்தி ஏதோ லாரி. அதெல்லாம் ஆரம்பத்தில, இப்ப குறுகலான இடத்திலயும் நல்லா ஓட்டுவாங்க." ஹைருல் சிரித்தார். "வரும்போது ஜுருவில இருந்து நண்டு கொண்டுவந்து குடுப்பாங்க. நல்ல மக்சிக்."

ஹரி அங்கிருந்த டயர் அடுக்கின் மேல் உட்கார்ந்துவிட்டான்.

"நண்டா?" என்றான்.

மறுநாள் மத்தியானம் தயாராகிவிடும் என்றார் ஹைருல். தேய்த்த இடத்தைச் சமப்படுத்தி, அடிப்பூச்சு அடித்து, மேலே வெள்ளி நிறம், அதன்மேல் பளபளப்புக்கு இன்னொரு பூச்சு. காய வேண்டும், அவ்வளவுதான். இருவரும் பஸ்ஸில் வீடு திரும்பினார்கள்.

தவமணி சமையலறையில் பயற்றங்காய் நறுக்கிக்கொண்டிருந்தாள். ரமணி எதிரில் உட்கார்ந்தாள்.

"மாமி, நண்டு நல்லாயிருந்திச்சா?"

கத்தி நின்றது. தவமணி வாசல் பக்கம் ஒருமுறை பார்த்தாள். பிறகு பயற்றங்காயைத் தள்ளி வைத்தாள்.

"ஹைருல் சொன்னவனோ?"

"ஆமா. நீங்க மாமாவுக்கு ஒளிச்சுப் போறீங்கன்னு ஹைருலுக்குத் தெரியாது."

"வெள்ளிக்கிழமையில மாமா பஜனைக்குப் போறவர். அவரிட சிநேகிதர் வந்து காரில ஏத்திக்கொண்டு போவார். எனக்கு முழங்கால் நோகுது, நிலத்தில இருக்க ஏலாது எண்டு சொல்லிப்போட்டன்." தவமணி முந்தானையால் கையைத் துடைத்தாள். "நிலத்தில இருக்கத்தான் ஏலாது. பிரேக் மிதிக்க ஏலும்."

"லைசன்ஸ்?"

"ஒரு வருசமும் விடேல்லை. போஸ்ட் ஆபீஸில போய்ப் புதுப்பிச்சுக்கொண்டுதான் வாறன்."

"அதுவும் பாலத்தைத் தாண்டி, ஜுரு பக்கம்?"

"அங்கதான் நண்டு நல்லது." பயற்றங்காயைத் திரும்பவும் கிட்ட இழுத்தாள். "முதல்ல நண்டுக்குத்தான் போனனான். பிறகு, சொன்னால் நீ சிரிப்பாய், நண்டு சாப்பிடாமலே திரும்பி வந்த நாளும் இருக்கு. பாலத்தில ஏறினால் ரெண்டு பக்கமும் கடல். ஒருத்தரும் பக்கத்தில இருந்து சிக்னல் போடு, கண்ணாடியைப் பார் எண்டு சொல்ல இல்லை. எனக்கு அது காணும், வேற ஒண்டும் வேண்டாம்."

ரமணி சிரிக்கவில்லை.

"பெட்ரோல் குறையறது மாமாவுக்குத் தெரியலையா?"

"நான் ஊத்தி வச்சிடுவன். சில நேரம் கொஞ்சம் கூடவா ஊத்திப்போடுவன். அதுதான் இந்தக் கார் தண்ணி குடிக்கிற அளவுகூடப் பெட்ரோல் குடிக்காது எண்டு ஊரெல்லாம் சொல்லித் திரியிறார்."

இப்போது ரமணி சிரித்தாள். தவமணியும் சிரித்தாள். கதவருகில் நின்று எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்த ஹரி மட்டும் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டான்.

"எனக்கு ஏம்மா சொல்லலை? எனக்கும் நண்டு பிடிக்கும்தானே."

ஞாயிறு மாலை தியாகராஜா வந்து இறங்கினார். பெட்டியை வைப்பதற்கு முன்பே மைவியை வலம் வந்தார். பின்னால் வந்ததும் நின்றார். ஹரி குளிக்கப் போய்விட்டான்.

"ஆர் கழுவினது?"

"நான்தான் மாமா."

"பின்பக்கம் நல்லாக் கழுவியிருக்கிறாய். முன்பக்கம் கவனமில்லை. எல்லாப் பக்கமும் ஒரே மாதிரிக் கழுவ வேணும்."

"சரி மாமா."

பட்டியைப் பற்றிய வார்த்தை அவள் தொண்டை வரைக்கும் வந்தது. சமையலறை ஜன்னலில் மாமியின் முகம் தெரிந்தது. விழுங்கிவிட்டாள்.

அடுத்த ஞாயிறு கோயிலில் அபிஷேகம். நால்வரும் மைவியில் போனார்கள். கோயில் முன்னால் இடம் நெருக்கம். கமிட்டி ஆள் ஒருவர் நின்று கை காட்டிக்கொண்டிருந்தார். தியாகராஜா ரிவர்ஸ் எடுத்தபடியே ரமணிக்குப் பாடம் நடத்தினார். "இப்ப பார், நான் முதல்ல இடப்பக்கக் கண்ணாடி, பிறகு வலப்பக்கம், பிறகு..."

மடமடவென்று சத்தம். செருப்பு வைக்கிற இரும்பு அடுக்கு சாய்ந்து, ஊரார் செருப்பெல்லாம் மைவியின் கூரையிலும் தரையிலுமாக விழுந்தது. அர்ச்சனைத் தட்டோடு நின்றவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். ஒரு பாட்டா செருப்பு பின் கண்ணாடியில் வழுக்கி, நிதானமாகக் கீழே இறங்கியது.

தியாகராஜா அசையவில்லை. முன்னால் ஒரு வேன் வந்து நின்றுவிட்டது, பக்கத்தில் தூண். ஸ்டீரிங்கைப் பிடித்தபடி கண்ணாடியையே பார்த்துக்கொண்டிருந்தார். அத்தனை வருடப் பேச்சு ஒரு செருப்பு அடுக்கில் போய் முடிந்ததைப் பார்த்தபோது, சிரிக்கக் காத்திருந்த ரமணிக்கே பாவமாக இருந்தது.

"இறங்குங்கோ" என்றாள் தவமணி.

"நீ..."

"இறங்கி இந்தப் பக்கம் வாங்கோ."

என்ன நினைத்தாரோ, இறங்கினார். தவமணி இருக்கையை முன்னால் இழுத்தாள், கண்ணாடியைச் சரிசெய்தாள், சேலையை ஒதுக்கிக்கொண்டாள். வேனுக்கும் தூணுக்கும் நடுவிலிருந்து காரை ஒரே தடவையில் வெளியே எடுத்து, எதிர்ப்புறம் இருந்த சந்துக்குள் பின்னாலேயே விட்டு, சுவரோடு ஒட்டி நிறுத்தினாள். கமிட்டி ஆள் தூக்கிய கையை மெல்லக் கீழே இறக்கினார்.

அபிஷேகம் முடிந்து வீட்டுக்கும் அவள்தான் ஓட்டினாள். "சிக்னல் போடு" என்றார் தியாகராஜா, அவள் போட்ட பிறகு.

வீட்டில் இறங்கியதும் பம்பரைக் குனிந்து பார்த்தார். புதுப் பெயிண்டில் நாலைந்து கோடுகள்.

"எனக்கு ஒரு இடம் தெரியும் மாமா" என்றாள் ரமணி. "ஒரே நாள்ல செஞ்சு குடுத்துருவாங்க."

"வேண்டாம். பிளாஸ்டிக்தானே. கிடக்கட்டும்." நிமிர்ந்து மனைவியைப் பார்த்தார். "எப்ப தொடக்கம்?"

"நீங்கள் பஜனைக்குப் போகத் தொடங்கின நாளில இருந்து."

"எங்கை போறனீ?"

"பாலத்துக்கு. காத்து வாங்க."

எல்லோரும் காத்திருந்தார்கள். ஹரி துண்டை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டான். தியாகராஜா சாவியைக் கையில் வைத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"பாலத்தில காத்து பலமா அடிக்கும்" என்றார் கடைசியில். "ஸ்டீரிங்கை ரெண்டு கையாலயும் பிடிக்க வேணும்." சாவியை அவள் கையில் வைத்துவிட்டு உள்ளே போனார்.

வெள்ளிக்கிழமை சிநேகிதர் காரோடு வந்தபோது, தனக்குத் தடிமன், சளி என்று சொல்லி அனுப்பிவிட்டார். பிறகு வேட்டியை மாற்றிக் கால்சட்டை போட்டுக்கொண்டு, மைவியின் முன்சீட்டில் ஏறி, பெல்ட்டையும் மாட்டிக்கொண்டார். தவமணி வாசலில் நின்ற ரமணியைப் பார்த்தாள். இன்றைக்கு நண்டு கிடையாது என்பது அந்த முகத்திலேயே தெரிந்தது. ரமணி உதட்டைப் பிதுக்கினாள்; அவளால் வேறென்ன செய்ய முடியும்?

கார் கேட்டைத் தாண்டி வெளியே போனது. அவர் ஏதோ சொல்லிக்கொண்டே இருந்தார். தவமணி ஜன்னல் கண்ணாடியை முழுவதும் கீழே இறக்கினாள். காற்று இரைச்சலில் பாதியாவது காதில் விழாமல் போகும்.