பட்டாணிக்குப் பின்னால் இருந்த பொட்டலம்

காலையிலிருந்து பின்வாசல் சிமெண்டுத் தரையில் டங் டங்கென்று சுத்தியல் விழுந்துகொண்டிருந்தது. பைக்கின் பின்சக்கரத்தில் ஒரு பக்கத்து பேரிங் எப்படியோ வந்துவிட்டது. மறுபக்கத்து பேரிங்தான் அசைந்து கொடுப்பேனா என்று கிண்ணென்று உட்கார்ந்திருந்தது.

அடித்துக்கொண்டிருந்தவர் அவள் புருஷன். மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருக்கிறவர். எறும்புத் தலை அளவு ஸ்க்ரூவைக்கூடக் கண்ணை மூடிக்கொண்டு கழற்றுவார். அப்பேர்ப்பட்ட கைக்கு, உள்ளங்கையில் அடங்குகிற ஒரு இரும்பு வளையம் வரவில்லையாம். யாரிடம் கதை விடுகிறார்? சமையலறை ஜன்னல் வழியாக அவள் பார்த்துக்கொண்டே இருந்தாள்.

வண்டி அவளுடையது. மண்மேடுகளில் ஏறித் தாவுகிற பைக். மைதானத்தில் அவளுக்குப் புழுதி என்றே பேர். போன பந்தயத்தில் விழுந்து தோள் எலும்பை முறித்துக்கொண்டாள். ஓட்டும்போது போடுகிற கண்ணாடியும் அன்றைக்கே தொலைந்துபோனது. எலும்பு கூடிவிட்டது, டாக்டரும் ஓட்டலாம் என்றுவிட்டார். நாளைக் காலை பந்தயம். இதையும் விட்டால் இனி ஜென்மத்துக்கும் வண்டி ஏறமாட்டோம் என்று அவளுக்குத் தெரியும். பயம் ஏற்கெனவே உள்ளே வந்து பாய் விரித்துப் படுத்துவிட்டது. சக்கரமோ ஆட்டம் கண்டிருந்தது; நேற்றே அதைக் கழற்றி வைத்துவிட்டாள். புது பேரிங் போடாமல் ஓட்டினால் மிச்சமிருக்கிற தோளும் போகும்.

"நான் மாத்தித் தர்றேன், நீ தோளை அலட்டிக்காதே" என்று நேற்று ராத்திரி அவராகவே வந்து சொன்னபோதே அவளுக்கு எங்கேயோ இடித்தது. வண்டிப் பேச்சை எடுத்தாலே முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்கிற மனுஷனுக்குத் திடீரென்று என்ன கரிசனம்?

அந்த நேரம் பார்த்து, மாடியில் குடியிருக்கிற நாத்தனார் காபிக் கோப்பையோடு இறங்கி வந்தாள்.

"என்ன அண்ணி, அண்ணன் வண்டியைக் கழட்டுறாரா, உடைக்கிறாரா?"

"எனக்கும் அதான் சந்தேகம். பழசு வந்துட்டாலும் போடறதுக்குப் புதுசு வேணுமே. பார்சல் இன்னும் வரலையாம்."

"வந்துச்சே. போன வாரமே வந்துச்சு. நான்தான் வாங்கி அண்ணன் கையில குடுத்தேன்."

அவளுக்குச் சுருக்கென்றது. ஊமைக்கோட்டான்! இரண்டு நாள் முன்புகூட, "வந்தா சொல்ல மாட்டேனா?" என்று காது குத்தினாரே.

நாத்தனார் மாடியேறியதும் தேட ஆரம்பித்தாள். பீரோ, செருப்பு அலமாரி, அவருடைய கடைப் பை, ஒன்றிலும் இல்லை. மிச்சம் ஃப்ரீஸர்தான். வீட்டில் சமையல் அவர் பொறுப்பு, அந்தப் பக்கம் அவள் தலைவைத்துப் படுத்ததே கிடையாது. திறந்தாள். பட்டாணிப் பைக்குப் பின்னால் ஒரு துணிப் பொட்டலம். பிரித்தால் புத்தம் புது பேரிங் இரண்டு, விரலில் ஒட்டிக்கொள்கிற சில்லிப்போடு.

என்ன மூளை பாருங்கள்! எடுத்து ஸ்வெட்டர் பைக்குள் போட்டுக்கொண்டாள். உடனே கேட்டால் மழுப்புவார். பார்சல் வரவில்லை, நான் என்ன செய்ய என்று சாயங்காலம் கையை விரிப்பார் அல்லவா, அப்போது மூஞ்சிக்கு நேரே நீட்ட வேண்டும். கையும் களவுமாகப் பிடிக்க வேண்டும்.

மத்தியானம் பின்வாசலுக்குப் போனாள். "வந்துச்சா?"

"உள்பாதி பிச்சிக்கிட்டு வந்திருச்சு. வெளி வளையம் துருப்பிடிச்சு ஒட்டிக்கிச்சு."

"நல்லாத்தான் ஒட்டுது."

அவருக்கு உறைக்கவில்லை. பெயிண்ட் உரிக்கிற ஹீட் கன்னைப் பிடித்துச் சக்கரத்தின் நடுப்பகுதியைச் சுற்றிச் சுற்றிக் காய்ச்சினார். பழைய கிரீஸ் புகைந்து நாறியது. பிறகு ஒரு கம்பியை மறுபுறமிருந்து விட்டு, வளையத்தின் விளிம்பில் இங்கே ஒரு தட்டு, அங்கே ஒரு தட்டு. சத்தம் மாறியது. வளையம் பொத்தென்று தரையில் விழுந்தது.

"சீக்கிரம் ஓடு. ஃப்ரீஸர்ல பட்டாணிக்குப் பின்னாடி புது பேரிங் இருக்கு. எடுத்துட்டு வா, இது ஆறிடும்."

அவள் ஓடவில்லை. கை தானாகப் பைக்குள் போனது. எடுத்து நீட்டினாள். அவர் வாங்கிக் கன்னத்தில் வைத்துப் பார்த்தார். அவள் உடம்புச் சூடு அப்படியே அதில் ஏறியிருந்தது.

"சில்லுன்னு இருந்தாத்தான் சுருங்கும். சூட்டுல சக்கரம் கொஞ்சம் விரியும். அப்பத்தான் அடிக்காமலே இது உள்ளே போய் உக்காரும்." பேரிங்கைத் துணியில் துடைத்தபடி, "எப்ப எடுத்தே?" என்றார்.

"காலைல."

"ஒளிச்சு வெச்சேன்னு நெனச்சியா?"

அவளுக்கு வெட்கம் பிடுங்கித் தின்றது. "ஆமா."

"ஒளிச்சுத்தான் வெச்சேன்."

அவள் நிமிர்ந்து பார்த்தாள். அவர் ஹீட் கன்னை அணைத்துக் கீழே வைத்தார்.

"பந்தயம் முடியிற வரைக்கும் உன் கண்ணுல பட வேணாம்னு. ஆஸ்பத்திரி பெஞ்சுல மறுபடியும் உக்கார எனக்குத் தெம்பில்ல. ஆனா நேத்து, வீல் இல்லாம நிக்கிற வண்டி மேல உக்காந்துக்கிட்டு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் சாஞ்சுக்கிட்டிருந்தே. நான் பாத்துட்டேன். இவளை நிறுத்தி வெச்சு என்ன சாதிக்கப் போறோம்னு ஆயிடுச்சு. எப்படி மாட்டுறதுன்னு தேடிப் பாத்தா, ஃப்ரீஸர்ல வெக்கணும்னு போட்டிருக்கு. முன்னாடியே அங்கதான் இருந்துச்சு."

திட்ட வேண்டும் என்றுதான் வாயைத் திறந்தாள். அழுகை முந்திக்கொண்டது. துடைத்துக்கொண்டு உள்ளே போய், பேரிங்குகளைப் பட்டாணிக்குப் பின்னால் தன் கையாலேயே திரும்ப வைத்தாள்.

வந்து பார்த்தால் அவர் அங்கே இல்லை. அறைக்குள் அலமாரி திறக்கும் சத்தம் கேட்டது. திரும்பி வந்தவர் கையில் அவளுடைய கண்ணாடி, தொலைந்ததாக அவள் நினைத்திருந்த அதே கண்ணாடி.

"நான்தான் எடுத்து வெச்சிருந்தேன். குறுக்கால பெரிய கீறல். ராத்திரி கடையில வெச்சுப் புது லென்ஸ் மாத்திட்டேன்."

அவள் அதை வாங்கி, வெளிச்சத்துக்கு நேரே தூக்கி, அவரை நம்பாதவள் மாதிரி திருப்பித் திருப்பிப் பார்த்தாள். ஒரு கீறல்கூட இல்லை.