அத்தையின் டிஸ்க்

மருமகளுக்கு லிஃப்ட் பழுதுபார்க்கும் வேலை. வாரம் முழுக்க அடுத்தவர் கட்டடங்களில் மேலும் கீழும் போய்வந்தாலும், ஞாயிற்றுக்கிழமை சும்மா உட்கார்ந்தால் அவளுக்குக் கை குறுகுறுக்கும். அப்படித்தான் ஏதோ ஓர் அலுவலகம் கழித்துப்போட்ட கணினியை வாங்கிவந்து, துணி துவைக்கும் மூலையில் பலகை அடித்து உட்காரவைத்து, வீட்டுக் கணினிகளுக்கெல்லாம் பொதுவான சர்வராக ஆக்கியிருந்தாள். அவள் அதன் முன்னால் நிற்கும் நேரத்தைப் பார்த்துவிட்டு, அது தனக்குச் சக்களத்தன் என்று கணவன் சொல்லிக்கொண்டிருந்தான்.

இந்தமுறை வேலை மாமியாருக்காக. பார்வையற்றவர்கள் கேட்பதற்காக அவர் புத்தகங்களை வாசித்துப் பதிவுசெய்பவர். சாமான் வைக்கும் சின்ன அறையின் சுவர்களில் கம்பளி தொங்கவிட்டு, கதவைச் சாத்திக்கொண்டு வாசிப்பார். லேப்டாப்பில் இடம் தீர்ந்துவிட்டது. தனியாக ஒரு டிஸ்க்கைச் செருகினால், அதன் முனகல் மைக்கில் ஏறியது. சத்தம் போடும் டிஸ்க் வேறெங்காவது இருக்க, லேப்டாப் மட்டும் அதைத் தன் சொந்த டிஸ்க்காக நினைத்துக்கொள்ள வழி உண்டா என்று அவர் கேட்டதுதான் ஆரம்பம்.

வழி இருந்தது. மருமகள் சர்வருக்குள் மென்பொருளாலேயே இரண்டு கணினிகளை உருவாக்கினாள். ஒன்று, பெரிய டிஸ்க்கிலிருந்து ஒரு துண்டை வெட்டி நெட்வொர்க் வழியாகக் கொடுக்கும். அதற்கு ‘ஓனர்’ என்று பெயர் வைத்தாள். இன்னொன்று வெறும் சோதனைக்கு. அந்தத் துண்டை வாங்கிக்கொண்டு, நிமிடத்துக்கு ஒருமுறை எதையாவது எழுதிப் பார்க்கும். அது ‘குடித்தனம்’. முதலில் குடித்தனத்துக்கு டிஸ்க் கண்ணிலேயே படவில்லை. அரைநாள் மண்டையை உடைத்துக்கொண்ட பிறகுதான், ஓனரின் பெயரில் ஓர் எழுத்தைத் தப்பாக அடித்திருந்தது தெரிந்தது. அதைத் திருத்தியதும் புத்தம்புது டிஸ்க் போல வந்து நின்றது. குடித்தனத்தை அணைத்துவிட்டு, அதே துண்டை மாமியாரின் லேப்டாப்பில் இணைத்துக் கொடுத்தாள்.

மாமியார் ஹெட்போனை மாட்டிக் கேட்டார். முனகல் இல்லை. கதவைச் சாத்திக்கொண்டு, தேனீ வளர்ப்பைப் பற்றிய தடிமனான புத்தகம் ஒன்றை ஆரம்பித்தார். சாப்பிடக் கூப்பிட்டாலும் இன்னும் ஒரு பக்கம் என்றார். மாமியாரும் மருமகளும் ஒரே டிஸ்க்கில் சிரித்துக் குடும்பம் நடத்துவதைத் தன் ஆயுளில் பார்த்தாயிற்று என்று கணவன் கிண்டல் செய்தான்.

சில வாரங்கள் நன்றாகப் போயின. பிறகு ஒருநாள் மாலை, மருமகள் வேலை முடிந்து வந்தபோது சின்ன அறையின் கதவு திறந்துகிடந்தது. மறுநாளும் அப்படியே. மாமியார் ஜன்னல் துடைத்தார், மடித்த துணியையே மறுபடி மடித்தார். தொண்டை கட்டியிருக்கிறதா என்று கேட்டதற்கு இல்லை என்றார். புத்தகம் பிடிக்கவில்லையா என்றதும் எழுந்து போய்விட்டார். கடைசியில் அடுப்படியில் முதுகைத் திருப்பிக்கொண்டு சொன்னார்:

“நான்தான் எதையோ அமுக்கிட்டேன்மா. வாசிச்சதெல்லாம் குழம்பிக் கிடக்கு. நீ லீவு நாளெல்லாம் கஷ்டப்பட்டுப் பண்ணினது. எப்படிச் சொல்றதுன்னு தெரியல.”

மருமகள் அப்படியே போய் லேப்டாப்பைத் திறந்தாள். சில அத்தியாயங்களின் பெயர் மட்டும் இருந்தது, திறக்கவில்லை. ஒன்றில் பாதி வாசிப்புக்குப் பின் வெறும் இரைச்சல். இவற்றுக்கு நடுவே, மாமியார் எழுதியிருக்கவே முடியாத ஒரு கோப்பு இருந்தது: குடித்தனத்தின் சோதனை எழுத்து.

சர்வர் மூலைக்குப் போய்ப் பார்த்தாள். குடித்தனம் ஓடிக்கொண்டிருந்தது. போன வாரம் தண்ணீர்க் குழாய் மாற்ற ஆள் வந்தபோது சர்வரை அணைத்து நகர்த்தி, மறுபடி போட்டிருந்தாள். சர்வர் எழுந்தால் உள்ளே இருக்கும் இரண்டும் தாமாகவே எழ வேண்டும் என்று அமைத்துவைத்தவளும் அவள்தான். எழுந்த குடித்தனம் பழைய பழக்கத்தில் டிஸ்க்கைப் பிடித்துக்கொண்டு எழுத ஆரம்பித்திருக்கிறது. நகல் எடுத்துவைக்கும் வேலையை வேறு அடுத்த வாரம், அடுத்த வாரம் என்று தள்ளிப்போட்டிருந்தாள்.

அடுப்படிக்குத் திரும்பிவந்து மாமியார் பக்கத்தில் நின்றாள்.

“நீங்க எதையும் அமுக்கல அத்தை. தப்பு என்னோடது. அந்த டிஸ்க்கை ஒரு நேரத்துல ஒரு மிஷின்தான் வச்சிருக்கணும். நான் ரெண்டுக்கு விட்டுட்டேன். நீங்க உப்பு போட்டது தெரியாம நானும் போட்டா குழம்பு என்னாகும், அப்படி ஆயிடுச்சு.”

மாமியார் திரும்பிப் பார்த்தார். கண் கலங்கியது போலிருந்தது.

“ரெண்டு நாளா சோறு இறங்கல எனக்கு,” என்றார். பிறகு, “இதை அன்னைக்கே உன்கிட்ட கேட்டிருக்கலாம்ல நான்,” என்று தன்னையே கடிந்துகொண்டார்.

அந்த ஞாயிறு இருவரும் லேப்டாப் முன்னால் உட்கார்ந்தார்கள். மீட்கும் மென்பொருளை ஓடவிட்டு, வந்த அத்தியாயங்களை ஒவ்வொன்றாகக் கேட்டு, நல்லவற்றை வேறு இடத்துக்கு மாற்றினார்கள். பெரும்பாலானவை பிழைத்தன. ராணித் தேனீயைப் பற்றிய இரண்டு அத்தியாயங்கள் போனது போனதுதான். மருமகள் குடித்தனத்தை அழித்தாள். புதிதாக ஒரு துண்டு வெட்டி, மாமியாரின் லேப்டாப் தவிர வேறு யார் கேட்டாலும் கொடுக்கக் கூடாது என்று ஓனரிடம் கண்டிப்பாகச் சொல்லிவைத்தாள். தினமும் ஒரு நகல் வேறு டிஸ்க்குக்குப் போகவும் ஏற்பாடு செய்தாள். தனக்கும் ஒரு துண்டு வேண்டும் என்று கணவன் மனுப்போட்டான். வரிசையில் நிற்கச் சொன்னார் அவன் அம்மா.

போன அத்தியாயங்களை மறுபடி வாசிக்க மாமியார் முகம் சுளிக்கவில்லை. முதல்முறை அவசரப்பட்டதாக அவருக்கே ஒரு நினைப்பு இருந்தது. ஆனால் ஒரு நிபந்தனை போட்டார்: யாராவது எதிரே உட்கார்ந்து கேட்க வேண்டும். மருமகள் துணி துவைக்கும் இயந்திரத்தை நிறுத்திவிட்டு, மோடா ஒன்றை இழுத்துக்கொண்டு கம்பளி தொங்கிய அறைக்குள் போனாள். கதவைச் சாத்தினார்கள். மாமியார் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, தண்ணீர் ஒரு வாய் குடித்து, பக்கத்தைத் திருப்பினார்.