சிரிக்கிற சம்மனசு

மரியரஞ்சனி எங்காவது சுற்றுலா போய்வந்தால் அதை நாங்களும் இருந்து அனுபவித்தாக வேண்டும். இரண்டாயிரத்து மூன்று ஆவணியில் ஒரு ஞாயிறு பின்னேரம், ஒஸ்லோவில், எல்லிங்ஸ்ருட்டில் அவளுடைய நாலாம் மாடி வீட்டில் நாங்கள் எட்டுப் பேர் அப்படி அகப்பட்டோம். பாரிசில் ஒரு கலியாணத்துக்குப் போனவர்கள், வாடகைக்கு வான் வண்டி பிடித்து ஒரு பழைய பேராலய நகரத்தையும் பார்த்துவிட்டு வந்திருந்தார்கள். ரெய்ம்ஸ் என்று எழுதிவிட்டு ரான்ஸ் என்று வாசிக்க வேண்டுமாம். அதைச் சொல்லித்தரவே அவளுக்குக் கால் மணித்தியாலம் போனது.

வீடியோக் கமராவை டிவியில் கொழுவினாள். நான் ரோல்ஸ் சாப்பிட்டுக்கொண்டிருந்தேன்.

"பிரான்சு ராசாக்களுக்கு முடி சூட்டினது இந்தக் கோயில்லதான். மேல வரிசையா நிக்கினமே, அவையெல்லாம் ராசாக்கள். இஞ்சை பாருங்கோ, இவர்தான் சிரிக்கிற சம்மனசு."

வேதக்காரர் தேவதூதனைச் சம்மனசு என்பார்கள். வாசல் தூணில் நின்ற கல் உருவம். உண்மையாகவே சிரித்தது, பக்கத்து வீட்டுப் பெடியன் சிரிப்பது மாதிரி.

"முதலாம் உலகச் சண்டையில, பதினாலாம் ஆண்டு, கோயில் எரிய, எரிஞ்ச உத்தரம் விழுந்து இவரின்ரை தலை கழண்டு போச்சுது. துண்டெல்லாம் பொறுக்கி வைச்சிருந்து பிறகு ஒட்டினவை. ஒட்டின அடையாளம் தெரியுதோ?"

எல்லாரும் ஆச்சரியப்பட்டார்கள். எனக்குக் கோபம்தான் வந்தது. கல்லுத் தலையைப் பொறுக்கி வைக்க அவர்களுக்கு ஆள் இருந்திருக்கிறது. என் தம்பி கஜரூபனில் ஒரு நகத்தைக்கூட எங்களுக்கு யாரும் தரவில்லை.

அதே சம்மனசின் சிறிய உருவம் ஒன்றை, கல்லுப்பாரத்தில், மரியரஞ்சனி வாங்கிவந்து மேசையில் வைத்திருந்தாள்.

டிவியில் மழை தொடங்கியது. அவர்களோடு கூடப் போயிருந்த சபாரத்தினம் அண்ணை படத்துக்குள் வந்தார். வட நோர்வேயில், பாட்ஸ்பியோர்ட்டில் பதின்மூன்று வருடம் மீன் வெட்டிவிட்டு, சித்திரையில்தான் ஒஸ்லோவுக்கு வந்த தனி ஆள். சாது. என் வீட்டில் மூன்று தரம் சோறு சாப்பிட்டவர். இப்போதும் சோபாவில் எனக்கு எதிரே இருந்தார். படத்தில் அவர் மழைச்சட்டைத் தொப்பியை நெற்றிவரை இழுத்து, வாயைச் சால்வையால் சுற்றியிருந்தார். கண் மட்டும் தெரிந்தது. வழிகாட்டிப் பெண் ஏதோ சொல்லி, விளங்கியதா என்று கேட்டாள். அவர் நாடியை வலப்பக்கம் சரித்தார். கொஞ்சம் நிறுத்தினார். பிறகு இரண்டு தரம் தலையை இறக்கினார்.

"மரியா, பின்னால விடும்."

மூன்று தரம் பார்த்தேன். மூன்றாம் தரம் சபாரத்தினம் கையிலிருந்த தட்டை நிலத்தில் வைத்தார்.

எண்பத்தெட்டில் இராணுவம் எங்கள் ஊரைச் சுற்றி வளைத்து, எல்லாரையும் பள்ளிக்கூட மைதானத்தில் வரிசையாக விட்டது. ஜீப்பில் தலையாட்டி இருந்தான். காட்டிக்கொடுக்கிறவனைத்தான் நாங்கள் அப்படிச் சொல்வோம். தலையில் சாக்கு, கண்ணுக்கு இரண்டு ஓட்டை. ஒவ்வொருவராக முன்னால் போய் நிற்க வேண்டும். அவன் தலை அசையாவிட்டால் வீட்டுக்குப் போகலாம். எனக்கு முன்னால் கஜரூபன் நின்றான். பத்தொன்பது வயது, எந்த இயக்கத்திலும் இல்லை. சாக்கு வலப்பக்கம் சரிந்தது, நின்றது, இரண்டு தரம் இறங்கியது. அவன் திரும்பி என்னைப் பார்க்க முதலே இழுத்துக்கொண்டு போய்விட்டார்கள்.

இவரை நான் முகம் திறந்துதான் கண்டிருந்தேன். திறந்த முகத்தில் யார் கண்ணைப் பார்க்கிறார்கள்?

எழும்பிப் போய் அவர் முன்னால் நின்றேன்.

"எண்பத்தெட்டு. பள்ளிக்கூட மைதானம். நீயோ?"

என் கணவர் சிவானந்தன் பதறிப்போனார். "அஜந்தா, என்ன கதை இது? அண்ணையைப் போய்..."

சபாரத்தினம் என்னைப் பார்த்துக்கொண்டே இருந்தார். மெதுவாகச் சொன்னார். "நீலச் சேட்டு. பதினோராவது ஆள். நீங்கள் பின்னால நிண்டனியள், தங்கச்சி."

தங்கச்சி என்றான். மேசையிலிருந்த சம்மனசைத் தூக்கி அவன் நெற்றியில் அடித்தேன். எலும்பில் பட்ட சத்தம் கேட்டது. இரத்தம் கண்ணுக்குள் இறங்கியது. "என்னை அவங்கள்..." என்று ஏதோ காரணம் சொல்ல வாயெடுத்தான். இரண்டாவது அடி அந்த வாயில். பல் தெறித்து ரோல்ஸ் தட்டில் விழுந்தது. பொம்மையின் தலையும் உடைந்து சோபாவுக்குக் கீழே உருண்டது. மிச்சத்தால் அடித்தேன். அதுவும் கைநழுவ, காலால் உதைத்தேன். சிவானந்தன் பின்னால் வந்து கட்டிப்பிடிக்க, அவர் கையை இரத்தம் வரக் கடித்தேன். யாரோ குழறினார்கள், கீழ்வீட்டு நோர்வேக்காரர் கூரையில் இடித்தார். சபாரத்தினம் ஒரு தரம்கூடக் கையைத் தூக்கவில்லை. அதுதான் எனக்கு இன்னும் விசரைக் கிளப்பியது.

கீழ்வீட்டுக்காரர் சொல்லித்தான் பொலிஸ் வந்தது. ஒரு பெண், ஒரு ஆண். அந்தப் பெண் எங்கள் எல்லாரையும் சுவரோடு வரிசையாக நிற்கச் சொன்னாள். பிறகு சபாரத்தினத்திடம் குனிந்து, அடித்தவர் இதில் யார் என்று கேட்டாள். வாயால் சொல்ல ஏலாவிட்டால் தலையை அசைத்தால் போதும் என்றாள்.

அவளுக்கு என்ன தெரியும், பாவம்.

அவன் முதலாம் ஆளிலிருந்து பார்த்துக்கொண்டு வந்தான். முகம் முழுக்க இரத்தம், கண் மட்டும் தெரிந்தது. அவன் பார்வை என்னில் வந்து நின்றது. தலை அசையவில்லை.

"ஒருத்தரும் அடிக்கவில்லை. படியில் விழுந்துவிட்டேன்," என்று நோர்வேஜிய மொழியில் சொன்னான்.

சிவானந்தன் பெருமூச்சு விட்டார். அசையாமல் இருக்க இந்தக் கழுத்துக்குத் தெரிந்திருக்கிறது. அடித்துப் பல்லைக் கழற்றினாலும் அசையாமல் இருக்கத் தெரிந்திருக்கிறது. அன்றைக்கு ஒரே ஒரு தரம் இப்படி இருந்திருந்தால் என் தம்பிக்கு இப்போது முப்பத்துநாலு வயது.

வரிசையை விட்டு முன்னால் வந்தேன். "நான்தான் அடித்தேன். அவனைக் கேளுங்கள்."

பொலிஸ்காரி அவனைக் கேட்டாள். அவன் கண்ணை மூடினான்.

"ஆட்டடா!" என்று கத்தினேன். "எனக்கும் ஆட்டடா தலையை!"

சபாரத்தினம் தன் தலையை இரண்டு கையாலும் இறுக்கிப் பிடித்துக்கொண்டு அழுதான். அவன் உடம்பு முழுக்கக் குலுங்கியது, தலையை மட்டும் அசைய விடவில்லை.