வாபஸ் வாங்காத பாடம்

இறந்து கிடந்த வாப்பாவின் வலது தோளில் இன்ஷாப் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தபோது, மறைப்புச் சீலைக்கு வெளியே யாரோ செருமினார்கள். பள்ளிவாசல் தலைவர் மஜீட் ஹாஜியார். மையத்தைக் குளிப்பாட்டி முடிக்கும் வரைக்குமாவது பொறுத்திருக்கலாம் மனிசன்.

"மகன், ஜனாஸாத் தொழுகைக்கு முந்தி நீங்கதானே எழும்பி வாப்பாக்காக மன்னிப்புக் கேக்கணும்? அதோட ஒரு வசனம் சேத்துக்கோங்க. பரிணாமம் படிப்பிச்சது பிழைண்டு மௌத்தாக முந்தி வாப்பா ஒத்துக்கிட்டாருண்டு. அப்பதான் மௌலவி தொழுவிப்பாரு."

இருபத்தேழு வருடம் கல்முனைப் பிள்ளைகளுக்கு உயிரியல் படிப்பித்தவர் வாப்பா. மற்ற மாஸ்டர்மார், "சோதனைக்கு எழுதுங்க, நம்பிடாதீங்க" என்று அந்தப் பாடத்தை அரை மணித்தியாலத்தில் தாண்டிப் போவார்கள். இவர் ஒரு மாதம் எடுப்பார். கேள்வி கேட்காத பிள்ளையைத்தான் ஏசுவார். மூன்று வருடத்துக்கு முந்தி, வெள்ளிக்கிழமை குத்பாப் பிரசங்கத்திலேயே பேர் சொல்லாமல் இவரைத் திட்டித் தீர்த்தார்கள். அன்றைக்குப் பின்னேரம் அஸர் தொழுகைக்கும் அதே பள்ளிக்குத்தான் போனார். பக்கத்தில் நின்றவன் தள்ளி நின்றான்.

நேற்று ஆஸ்பத்திரியில் இன்ஷாபும் கெஞ்சிப் பார்த்திருந்தான். "ஒரு வசனம் சொல்லிடுங்க வாப்பா, எங்களுக்காக." அதை நினைக்க இப்போது வெட்கமாக இருந்தது.

வாப்பா அப்போது மூச்சை இழுத்து இழுத்துச் சொன்னார். "அல்லாஹ் படைச்சதப் பாத்துத்தானே சொன்னன். பாக்கல்லண்டு பொய் சொல்லவா?"

பிறகு, அல்லாஹ் ஒருவனே என்ற கலிமாவைச் சொன்னார். அதுதான் அவருடைய கடைசிப் பேச்சு.

கபன் துணி சுற்றி முடிந்து, மையத்தை வைத்த சந்தூக்குப் பெட்டியைத் தூக்கப் போகும்போது உம்மா அவன் கையைப் பிடித்துக்கொண்டார். "சொல்லிடு மகன். அவரு இனிக் கேக்கவா போறாரு? நல்லபடியா அடக்கினாப் போதும்."

பகல் ளுஹர் தொழுகை முடிந்தபோது பள்ளி நிறையச் சனம். இன்ஷாப் எழும்பினான்.

"வாப்பா யாரையும் நோகடிச்சிருந்தா, அல்லாஹ்வுக்காக மன்னிச்சிருங்க."

மஜீட் ஹாஜியார், மற்றதையும் சொல்லு என்பதுபோலத் தலையாட்டினார்.

"படிப்பிச்சத அவரு வாபஸ் வாங்கல்ல. வாங்கினாருண்டு நான் சொன்னா, மையத்த முன்னால வச்சிக்கிட்டுப் பொய் சொன்னதாப் போகும்."

தொழுவிக்க முன்னால் நின்ற மௌலவி சந்தூக்கை ஒருமுறை பார்த்தார். பிறகு விலகி வாசல் பக்கம் நடந்தார். அதற்குப் பிறகு சொல்லி வேலையில்லை, செருப்புத் தேடும் சத்தம்தான். வாப்பாவிடம் படித்து டொக்டரான இரண்டு பேரும் தலையைக் குனிந்துகொண்டு போனார்கள். பாழாய்ப்போனவர்கள், ஒரு சலாம்கூடச் சொல்லவில்லை.

உம்மாவின் தம்பி சப்ரி மாமா வந்து அவன் தோளைத் தொட்டார். "நீ தொழுவி மகன். பெத்த புள்ளைக்கு இல்லாத உரிமையா?"

இன்ஷாப் முன்னால் போய் நின்றான். ஜனாஸாவுக்கு மூன்று வரிசை நிற்பது மையத்துக்கு நல்லது என்று மாமா பின்னால் சொல்லிக்கொண்டிருந்தார். திரும்பிப் பார்த்தான். அவ்வளவு பெரிய பள்ளியில், எஞ்சியிருந்த ஏழு பேர், இரண்டும் இரண்டும் மூன்றுமாகப் பிரிந்து வரிசை பிடித்துக்கொண்டிருந்தார்கள்.