ஆறு கூப்பிடும் சத்தம்

எங்கள் மணல்திட்டில் ஆறு சொல்லாமல் எதையும் கொண்டுபோனதில்லை. கரைக்கு அடியில் குடைந்துகொண்டு வரும்போது மண்ணுக்குள்ளிருந்து 'தும், தும்' என்று சத்தம் வரும். "ஆறு கூப்பிடுது" என்போம். கேட்ட கையோடு தகரச் சுவர்களைக் கழற்றித் தலையில் ஏற்றிக்கொண்டு திட்டின் உள்பக்கம் போய்விடுவோம். நானே எத்தனையோ முறை அப்படி வீடு சுமந்தவள். ஆற்றின் மேல் எனக்குக் கோபம் உண்டு, சந்தேகம் இருந்ததில்லை.

பாலம் கட்டத் தொடங்கியதும் அந்த நம்பிக்கையும் போயிற்று. பாலம் ஏறுகிற எதிர்க்கரையை ஆறு தின்றுவிடக் கூடாதென்று கல்லும் சிமெண்டுக் கட்டைகளும் கொட்டினார்கள். அங்கே வாய் வைக்க முடியாத ஆறு எங்கள் பக்கம் திரும்பியது. நடு ஆற்றில் இரும்புக் குழாய்களை அடித்து இறக்கும் ராட்சதச் சுத்தியல் விடிந்ததிலிருந்து இருட்டும்வரை 'தும் தும்' என்றது. அடுக்கிவைத்த பாத்திரமெல்லாம் ஆடும். இலிஷ் மீன் எங்கள் பக்கம் வருவதையே விட்டுவிட்டது. என் கொழுந்தன் மொக்லேஸ் வலையைச் சுருட்டிக் கூரையில் செருகிவிட்டு வீட்டோடு கிடந்தான்.

அவன் மனைவி ஆலேயாவுக்கு அப்போதுதான் ஆண் குழந்தை பிறந்திருந்தது. உதிரம் நிறையப் போய், எழுந்து உட்காரவும் அவளுக்குத் தெம்பில்லை. அவர்கள் வீடு கரையோரம். என் வீட்டை நான் முன்பே உள்ளே தள்ளிப் போட்டுவிட்டேன்.

"அவளை என் வீட்டுக்குத் தூக்கிட்டு வாடா" என்றேன்.

"அசைச்சா மறுபடி ரத்தம் போகும்னு மருத்துவச்சி சொல்றா, அண்ணி. ஆறு கூப்பிடட்டும், அந்த நிமிஷமே தூக்கிட்டு ஓடியாரேன்."

"பாலத்துக்காரன் போடுற சத்தத்துல உனக்கு என்னடா கேக்கும்?"

"ஆத்தோட குரல் எனக்குத் தெரியாதா? நான் என்ன டாக்காக்காரனா?" என்று சிரித்தான் மடையன்.

ஒருநாள் நான் கஞ்சி கொண்டுபோனபோது, வீட்டுக்குச் சற்றுத் தள்ளி வெயிலில் உட்கார்ந்து குழந்தைக்குக் கடுகெண்ணெய் தேய்த்துக்கொண்டிருந்தான். தரை அதிர்ந்தது. தும். தும்.

உள்ளேயிருந்து ஆலேயாவின் குரல்: "என்னங்க, ஆறு கூப்பிடுதா?"

"இல்ல புள்ள, சுத்தியல்தான். நீ தூங்கு."

எனக்கும் அதில் வித்தியாசம் தெரியவில்லை. அப்போதுதான் ஆண்கள் குளித்துத் தொப்பி போட்டுக்கொண்டு பள்ளிவாசலுக்குப் போவதைப் பார்த்தேன். வெள்ளிக்கிழமையில் பாலத்து வேலை கிடையாது. கஞ்சிச் சட்டியைப் போட்டுவிட்டுக் கத்தினேன்.

"டேய், இன்னிக்கு ஜும்மாடா! இன்னிக்கு ஏதுடா சுத்தியல்?"

குழந்தையை என் கையில் திணித்துவிட்டு ஓடினான். அவன் வாசலைத் தொடுவதற்குள் வீடும் வாழைமரங்களும் நின்ற மண்ணோடு ஆற்றில் இறங்கின. கூரைத் தகரம் மட்டும் கொஞ்ச நேரம் தெரிந்தது. ஆலேயா கிடைக்கவே இல்லை.

சாயங்காலம் பாலத்து ஆட்கள் படகில் வந்தார்கள். பிஸ்கட்டும் போர்வையும் கொண்டுவந்தார்கள். எங்கள் கரை திட்டத்தின் எல்லைக்குள் வராது என்று வருத்தமாகச் சொன்னார்கள். அந்த வருத்தத்தைப் பார்த்து எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. இளவயது இன்ஜினியர் ஒருவர் மொக்லேஸின் பக்கத்தில் குந்தினார்.

"கரை இடியறதுக்கு முன்னாடி சத்தம் வந்திருக்குமே அண்ணே, உங்களுக்குக் கேக்கலையா?"

"கேட்டுச்சு சார்" என்றான் மொக்லேஸ். "உங்க சத்தம்னு நெனச்சு அவளைத் தூங்கச் சொல்லிட்டேன்."