அசையும் பொருள்கள் யாவும்

விடிந்ததிலிருந்தே சுமைக்காரருக்கு இடுப்பின் இடதுபக்கம் குடைந்துகொண்டிருந்தது. முழங்கால்வரை ஒரு நரம்பு இழுத்தது. முதல் சாமானைத் தோளில் ஏற்றும்வரைதான் இந்த வலி. உடம்பு சூடானால் அடங்கிவிடும். வேலை முடிந்து உட்கார்ந்தபிறகு வட்டியோடு திரும்பிவரும். அவர் வண்டியின் பின்பலகையைப் பிடித்துக்கொண்டு ஒவ்வொரு காலாக இறக்குவதை டிரைவர் பார்த்துவிட்டான்.

"என்னண்ணே, உன்னை இறக்கவே இன்னொரு ஆள் வேணும்போல."

"உன்னைத் தூக்கி எறியுற அளவுக்கு இடுப்பு இருக்கு. பலகையைக் கழட்டுடா."

வீட்டுக்காரரின் மகன் வாசலில் பைக்கைவிட்டு இறங்காமலே நின்றிருந்தான். தலைக்கவசத்தைக்கூடக் கழற்றவில்லை. பின்னால் பிரச்சினை வரக்கூடாது என்பதுபோல், கேட்காமலே விவரத்தைச் சொன்னான். அப்பா போன மாதம் போய்விட்டார். வீட்டை அக்காவுக்கு எழுதிவைத்திருக்கிறார். அவள்தான் கடைசிவரை கூடவே இருந்து பார்த்தவள். வீட்டுக்குள் இருக்கும் அசையும் பொருள்கள் யாவும் இவனுக்கு. உயிலில் இருந்த அந்த வரியை அவன் பள்ளிக்கூடப் பாடம்போல ஒப்பித்தான். நடுவில் அக்காவைப் பற்றிக் குறையாக ஒரு வார்த்தையும் சொல்லவில்லை. நல்லதாகவும் சொல்லவில்லை.

அசையும் பொருள்கள் என்ற வார்த்தையைச் சுமைக்காரர் முன்பும் கேட்டிருக்கிறார். ஜப்தி வீடுகளில் கோர்ட் அமீனா வாசலில் நின்று வாசிப்பார். சுமை தூக்கும் தொழிலில் அப்படி யாரும் பேசுவதில்லை. சாமான் என்பார்கள், தட்டுமுட்டு என்பார்கள், வண்டி நிறைந்துவிட்டால் லோடு. அசையும் பொருளாம். இத்தனை வருஷத்தில் ஒரு நாற்காலிகூடத் தானாக அசைந்து அவர் பார்த்ததில்லை. எவனோ ஒருவனுடைய இடுப்புதான் அசைந்திருக்கிறது.

அக்கா கதவைத் திறந்து ஒதுங்கி நின்றாள். ஐம்பது தாண்டியிருக்கும். எல்லாவற்றையும் துடைத்து, பாத்திரங்களைச் சாக்கில் கட்டி, மேசையின் இழுப்பறைகள் வழியில் திறந்துகொள்ளாதபடி கயிறு சுற்றி வைத்திருந்தாள். சாமான் கட்டிய வீடுகளைப் பார்த்தே வீட்டு ஆட்களின் மனசை அவர் சொல்லிவிடுவார். கோபத்தில் கட்டியவர்கள் முடிச்சை இறுக்கிவிடுவார்கள், அவிழ்க்கக் கத்தி வேண்டும். இவள் எல்லாக் கயிற்றிலும் சுருக்குமுடிச்சு போட்டிருந்தாள், ஒரு இழுப்பில் அவிழும்படி.

தம்பியை உட்காரச் சொன்னாள். நேரமில்லை என்றான். டீ கொண்டுவந்தாள். நின்றபடியே குடித்தான். சுமைக்காரருக்கும் டிரைவருக்கும் கொடுத்துவிட்டு, அவர்கள் குடித்து முடிக்கும்வரை சமையலறை வாசலிலேயே நின்றாள். பிறகு மூன்று டம்ளர்களையும் வாங்கிக் கழுவி, முந்தானையில் ஈரம் போகத் துடைத்து, கட்டிவைத்திருந்த சாக்கை அவிழ்த்து உள்ளே போட்டாள். அதைத் தம்பி பார்த்தான். இரு என்றோ, உனக்கு வேண்டாமா என்றோ சொல்லவில்லை. போனை எடுத்துக்கொண்டு வராந்தாவுக்குப் போய்விட்டான்.

கட்டில் போயிற்று. மேசை, நாற்காலிகள், தையல் இயந்திரம், அப்பாவின் சக்கர நாற்காலி போயின. பிறகு மின்விசிறி. திருகி மாட்டியதுதானே, கழற்றினால் வருகிறது, வந்தால் அசைகிறதுதானே என்று தம்பி சொன்னான். அக்கா ஸ்டூலைப் பிடித்துக்கொள்ள, டிரைவர் ஏறிக் கழற்றினான். குழல்விளக்கையும் கழற்றினான். கண்ணாடி மாட்டியிருந்த இடத்தில் சுவர் மட்டும் பழைய நிறத்தில் சதுரமாகத் தெரிந்தது. டிரைவருக்கு வாய் சும்மா இருக்காது.

"அண்ணே, அசையுறது எல்லாம்னா அப்ப அந்த அக்காவையும்ல ஏத்தணும்."

மெதுவாகச் சொல்வதாக நினைத்துத்தான் சொன்னான். காலி அறையில் குரல் பெரிதாகக் கேட்டுவிட்டது. சுமைக்காரர் அவனை முறைத்தார். அக்கா கோபப்படவில்லை.

"என்னைச் சேர்க்க முடியாதுப்பா," என்றாள். "நான் அசைஞ்சே ரொம்ப வருஷமாச்சு."

சொல்லிவிட்டு அவள் லேசாகச் சிரித்தாள். டிரைவர் தலையைக் குனிந்துகொண்டு ஸ்டூலைத் தூக்கிக்கொண்டு போனான்.

கடைசியாக உள்ளறையில் அலமாரி மட்டும் நின்றது. நல்ல மரம். ஆளுயரத்துக்கு மேல், கைகளை விரித்தாலும் எட்டாத அகலம். கதவு நிலையைப் பார்த்தார், அலமாரியைப் பார்த்தார். சேர்ந்தபடி வெளியே போகாது. இந்த மாதிரி அலமாரியைத் தச்சன் அறைக்குள்ளேயே உட்கார்ந்து செய்வான். ஆனால் விவரம் தெரிந்த தச்சன் இரும்பாணி அடிக்கமாட்டான். சுமைக்காரர் மண்டிபோட்டு, இடுப்பு கத்தக் கத்தக் குனிந்து, பின்பக்கம் கைவிட்டுத் தடவினார். மூலையில் ஒரு மர ஆணி தட்டுப்பட்டது. விரலால் நெம்பினார். வழுவழுவென்று கையோடு வந்துவிட்டது. அப்படியே ஒவ்வொன்றாக உருவினால் பலகை பலகையாகக் கழன்று, எந்த வாசலிலும் போய்விடும்.

நிமிர்ந்தபோது அக்கா அறைக்குள் நின்றிருந்தாள். வராந்தாவில் தம்பி போனில் யாரிடமோ வண்டி வாடகை பேசிக்கொண்டிருந்தான்.

"அது கழலும்னு எனக்குத் தெரியும்ணே. கழட்டாதீங்க."

அவர் ஆணியைக் கையில் வைத்துக்கொண்டு பார்த்தார். வேண்டுமென்றால் தம்பியிடமே கேட்கலாமே, ஒரு அலமாரியைத் தரமாட்டாரா என்றார்.

"எனக்கு வேணாம். அவன் குடுத்துட்டா அப்புறம் என்ன இருக்கு? அவனோடதாவே இங்க கெடக்கட்டும்." கொஞ்சம் நிறுத்தினாள். "ஒண்ணாவது கெடந்தா, எடுக்க வருவான்ல."

சுமைக்காரருக்குத் தன் வீடு நினைவுக்கு வந்தது. அவருடைய ஒற்றை அறையில் ஒரு பாய், ஒரு தகரப்பெட்டி, ஒரு அடுப்பு, சுவரோரம் ஒரு சைக்கிள். சைக்கிள் மகனுடையது. வேலைக்கென்று வெளியூர் போனவன், அப்புறம் வந்து எடுத்துக்கொள்கிறேன் என்று விட்டுப்போனான். அங்கே இப்போது பைக் வைத்திருக்கிறானாம். அவர் அந்தச் சைக்கிளில் ஏறியதில்லை. காற்று இறங்கினால் பம்பு இரவல் வாங்கி அடித்துவைப்பார்.

செருப்புச் சத்தம் கேட்டது. அவர் ஆணியைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார்.

"என்ன பெரியவரே, இது மட்டும்தானே பாக்கி?"

"வாசல்ல போகாது தம்பி."

"உள்ள எப்படி வந்துச்சாம்?"

"வரல. உள்ளயே வச்சு செஞ்சது."

அது பொய்யில்லை. தம்பி நிலையைக் கையால் சாண்போட்டுப் பார்த்தான், அலமாரியைப் பார்த்தான். அறுத்து எடுக்கலாமா என்றான். அறுத்தால் விறகுதான் என்றார் சுமைக்காரர். அவன் மணி பார்த்தான். பிறகு, அன்று காலை முதல்முறையாக, அக்காவின் முகத்தைப் பார்த்துப் பேசினான்.

"சரிக்கா, விடு. அதை நீயே வச்சுக்க."

அவன் நல்லவிதமாகத்தான் சொன்னான். அக்காவின் கை அலமாரிக் கதவின் கைப்பிடியைப் பற்றிக்கொண்டது.

"எனக்கு எதுக்குடா? அப்பா உனக்குன்னு எழுதினது. ஆளைக் கூட்டிட்டு வந்து நீயே எடுத்துட்டுப் போ. அதுவரைக்கும் தொடச்சு வைக்கிறேன்."

"பாக்கலாம்க்கா."

வண்டி கிளம்பும்போது அவள் வாசலுக்கு வந்தாள். உட்கார வீட்டில் ஒன்றும் இல்லாததால் படியில் உட்கார்ந்தாள்.

சாமான்களைத் தம்பியின் வீட்டில் இறக்கவேண்டும் என்றுதான் சுமைக்காரர் நினைத்திருந்தார். பைக் முன்னால் போய்ப் பழைய சாமான் கடையில் நின்றது. எல்லாம் ஏற்கெனவே பேசி முடித்த விஷயம். கடைக்காரர் இறக்கிய சாமானை ஒவ்வொன்றாகத் தட்டிப் பார்த்தார். சக்கர நாற்காலியை உருட்டிப் பார்த்தார். டம்ளர் இருந்த சாக்கைப் பிரிக்காமல் எடைத் தட்டில் வைத்தார். பெரிய அலமாரி ஒன்று இருக்கிறது என்றீர்களே என்று கேட்டார்.

"வாசல்ல வரல," என்றான் தம்பி. "அதுக்காக யாரு இனிமே அங்க போயிட்டு இருப்பா? அதைக் கணக்குல விட்டுருங்க."

சுமைக்காரர் காலி வண்டியின் பின்பலகையில் உட்கார்ந்தார். உட்கார்ந்ததும் இடுப்பு வட்டி கேட்கத் தொடங்கியது. கழலும் என்று இப்போது சொன்னால், இந்த மனிதன் திரும்பப் போவான். போய் அதையும் கொண்டுவந்து இங்கே இறக்குவான். சொல்லாவிட்டால் போகவேமாட்டான். இரண்டையும் யோசித்துக்கொண்டே பீடியைத் தேடிச் சட்டைப்பையில் கைவிட்டார். மர ஆணி கையில் அகப்பட்டது. விரலளவு நீளம், எத்தனையோ வருஷம் இருட்டுக்குள்ளேயே இருந்ததில் நிறம் மாறாத மரம். இது இல்லாமலும் அலமாரி நிற்கும். ஆனால் அவள் துடைப்பதற்காகக் கதவைத் திறக்கும்போதெல்லாம் இடதுபக்கமாகச் சாயும்.

டிரைவர் வண்டியை எடுத்தான். ஏறி முன்னால் உட்காருண்ணே என்று கூப்பிட்டான். அவர் பின்னாலேயே இருந்துகொண்டார். வேலை முடிந்தது, கூலி வாங்கியாயிற்று, யாருக்கும் எதுவும் மிச்சமில்லை. அந்த வீட்டுக்கு அவர் திரும்பப் போய்க் கொடுக்கவேண்டிய இந்த ஒரு மர ஆணி மட்டும் பாக்கி.